இருட்டைச் சுமந்த மலை
உலகக் கேளிக்கைப் பூங்காக்களின் கதை – 19

சென்ற வாரம் மேட்டர்ஹார்ன் மலையில் நிறுத்தியிருந்தோம். 1959 ஜூனில் கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் திறந்த அந்தப் பனிச்சறுக்கு மலைதான் எஃகுக் குழாயைத் தண்டவாளமாகக் கொண்டு ஓடிய முதல் ரோலர் கோஸ்டர். அதுவரை மரச்சட்டத்தின் மேல் தட்டையான இரும்புப் பட்டையை அடித்து, அதன் மேல் வண்டியை ஓட்டினார்கள். குழாயை வேண்டிய கோணத்தில் வளைக்கலாம். சின்ன இடத்துக்குள்ளும் மடித்து மடித்து வைக்கலாம். ஏரோ டெவலப்மென்ட் என்ற பட்டறையை நடத்திய எட் மார்கனும் கார்ல் பேக்கனும் செய்து கொடுத்த அந்த வசதி இல்லையென்றால், இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் மலை எழுந்தே இருக்காது.

ஜப்பானின் டோக்கியோ டிஸ்னிலாண்டில் 1983 முதல் நின்ற ஸ்பேஸ் மவுண்டன்தான் அந்த மலை. 2024 ஜூலை 31 அன்று அதன் ஓட்டம் நின்றது. அதே பெயரில், அடியோடு புதிதாகக் கட்டிய ஒன்று 2027இல் வரும் என்று பூங்காவை நடத்தும் ஓரியண்டல் லேண்ட் நிறுவனம் அறிவித்திருக்கிறது. கூட்டம் குறைந்ததால் மூடவில்லை. கடைசி நாள் வரை வரிசை நின்றது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஏன் எடுக்க வேண்டும்? எடுத்தபின் எதைத் திரும்ப வைக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்குள் நுழைய, மலையின் பிறப்பிலிருந்தே வர வேண்டியிருக்கிறது.

வால்ட் டிஸ்னிக்கு விண்வெளி மேல் தீராத ஆசை. 1955 மார்ச்சில் அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ‘மேன் இன் ஸ்பேஸ்’ ஒளிபரப்பானபோது, ராக்கெட் அறிஞர் வெர்னர் ஃபான் பிரான் திரையில் தோன்றி, நான்கு அடுக்கு ராக்கெட் மனிதனை எப்படி மேலே கொண்டுபோகும் என்று மாதிரியை வைத்து விளக்கினார். ஸ்புட்னிக் பறக்க இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் டிஸ்னிலாண்ட் திறந்தது. அதில் டுமாரோலாண்ட் என்ற பகுதி 1986ஆம் ஆண்டைக் காட்டுவதாக அமைந்தது. ஹாலி வால்நட்சத்திரம் திரும்பி வரும் ஆண்டு என்பதால் 1986. நிலாவுக்குப் போய்வருவது அப்போது வழக்கமான பயணமாகிவிடும் என்ற நம்பிக்கையில் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தின் பெயரோடு 76 அடி உயர ராக்கெட் ஒன்றையும் நிறுத்தியிருந்தார்கள்.

கோட்டையும் காடும் கட்டியவர்களுக்கு இல்லாத தொல்லை எதிர்காலத்தைக் கட்டியவர்களுக்கு வந்தது. கோட்டை பழசானால் இன்னும் அழகாகும். எதிர்காலம் பழசானால் பார்க்கச் சகிக்காது. 1961இல் ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். அட்டையும் தகரமுமாக நின்ற டுமாரோலாண்டை நிஜம் முந்தத் தொடங்கியது. அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று வால்ட் இறங்கிய 1964 வாக்கில்தான் ஜான் ஹென்ச்சின் கைக்கு வேலை போகிறது.

ஹென்ச் 1939இல் டிஸ்னியில் ஓவியராகச் சேர்ந்தவர். 1940களில் சால்வடோர் டாலியோடு அமர்ந்து ‘டெஸ்டினோ’ படத்துக்கு வரைந்தவர். பிறகு ஓவியத்தைக் கட்டடமாக்கும் பக்கம் வந்தார். நிறமும் உருவமும் மனிதனை எப்படி நடத்துகின்றன என்பதில் அவருக்கு இருந்த கூர்மை இந்தத் துறையில் அரிது. அவர் வரைந்த ‘ஸ்பேஸ் போர்ட்’ படத்தில் கூம்பு வடிவ வெள்ளை மலை ஒன்று எழும்பி நிற்கிறது. பிற்பாடு உலகின் ஐந்து பூங்காக்களில் எழுந்த மலைகளுக்கெல்லாம் மூலம் அந்தக் கூம்புதான்.

ஆனால் 1967 ஜூலையில் புதிய டுமாரோலாண்ட் திறந்தபோது மலை அதில் இல்லை. வால்ட் 1966 டிசம்பர் 15 அன்று இறந்துவிட்டார். நிறுவனத்தின் கவனமும் பணமும் ஃபுளோரிடா பக்கம் திரும்பின. அதைவிடப் பெரிய தடை தொழில்நுட்பத்தில் இருந்தது.

கும்மிருட்டில் பல வண்டிகளை ஒன்றன் பின் ஒன்றாக அனுப்ப வேண்டும். வெளிச்சத்தில் ஓடும் கோஸ்டரில் இயக்குபவர் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்; இருட்டில் அது நடக்காது. அதனால் ரயில்வேயில் இருக்கும் பிளாக் முறையைத்தான் இங்கும் கையாள வேண்டும். பாதையைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு துண்டுக்குள் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்வண்டி தன் துண்டைத் தாண்டிவிட்டது என்று பாதையோரத்து உணர்வி தகவல் சொன்னால்தான் பின்வண்டிக்கு வழி. தகவல் வராவிட்டால் துண்டின் எல்லையில் இருக்கும் பிரேக் வண்டியைக் கவ்விப் பிடித்துவிடும். சின்ன சின்ன வண்டிகள் நொடிக்கணக்கான இடைவெளியில் ஓடும்போது இந்தக் கணக்கை விடாமல் போட்டுக்கொண்டிருக்கக் கணிப்பொறி வேண்டும். 1960களின் நடுவில் அதை நம்பி மனிதரை ஏற்றும் அளவுக்குக் கணிப்பொறி வளரவில்லை.

ஃபுளோரிடாவில் 1971 அக்டோபரில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறந்தபின் நிலைமை மாறியது. இளைஞர்கள் ஏறத் துடிக்கும் விளையாட்டு அங்கே வேண்டியிருந்தது. வானொலி, தொலைக்காட்சித் துறையின் பெருநிறுவனமான ஆர்.சி.ஏ. 1 கோடி டாலர் தர முன்வந்தது. 1975 ஜனவரி 15 அன்று முதல் ஸ்பேஸ் மவுண்டன் அங்கே திறந்தது. மெர்க்குரி விண்வெளி வீரர் கார்டன் கூப்பர் ஆலோசகராக இருந்து, உண்மையான பயணத்தின் உணர்வுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவர உதவினார்.

அந்தத் தேதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிலாவில் மனிதன் கடைசியாகக் கால்வைத்தது 1972 டிசம்பரில். அப்பல்லோ பயணங்களுக்குக் காசில்லை என்று அரசு கையை விரித்து, மக்களும் சலித்து, விண்வெளி ஆசை வடியத் தொடங்கிய நேரத்தில்தான் இந்த மலை வந்தது. நாட்டின் கனவு சுருங்கிய அளவுக்குப் பூங்காவின் கனவு விரிந்தது. நிஜத்தில் இனி போக வாய்ப்பில்லாத பயணத்தை இங்கே சாமானியர் போய்வந்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டு இந்த மலைகளுக்கு முன் நின்ற வரிசைகளுக்கு அதுவும் காரணம் என்றே நம்புகிறேன்.

ஃபுளோரிடா மலையை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். மலையைத் தாங்கும் கான்கிரீட் விலா எலும்புகள் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். மொத்தம் 72 விலாக்கள். ஒவ்வொன்றும் 117 அடி நீளம், 74 டன் எடை. தரையில் வார்த்து, ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தினார்கள். மலையின் குறுக்களவு 300 அடி, உயரம் 183 அடி. சாதாரணமாகக் கூரையைத் தாங்கும் உத்திரம் உள்ளேதானே இருக்கும்? ஹென்ச் அதைப் புரட்டிப் போட்டார். உள்சுவர் வழவழப்பாக இருந்தால்தான் அதன் மேல் நட்சத்திரங்களையும் விண்மீன் மண்டலங்களையும் ஒளியால் வீச முடியும் என்பது அவர் கணக்கு. மேலே போகப் போக விலாக்கள் நெருங்கி வருவதால் மலை இருக்கும் உயரத்தைவிட அதிக உயரமாகத் தெரியும். பார்ப்பவர் அதை அலங்காரம் என்று நினைப்பார். உள்ளே இருக்கும் இருட்டுக்காகவே வெளியே அப்படி ஓர் உருவம்.

இருட்டுதான் இந்த விளையாட்டின் மூலப்பொருள். ஃபுளோரிடா மலைக்குள் வண்டியின் உச்சவேகம் மணிக்கு 45 கிலோமீட்டர்தான். நம் டவுன் பஸ், ரோடு காலியாக இருந்தால் இதைவிட வேகமாகப் போகும். ஆனால் உள்ளே போய் வந்தவர்கள் நூறைத் தாண்டியதாகச் சத்தியம் செய்வார்கள். பகலில் ஓடும் கோஸ்டரில் வளைவு வருமுன்பே கண் அதைப் பார்த்துவிடுகிறது. கழுத்து விறைக்கிறது, கை கம்பியை இறுக்குகிறது, உடம்பு தானே சாய்ந்துகொள்கிறது. இருட்டில் இந்த ஆயத்தம் எதுவும் நடப்பதில்லை. வளைந்தபிறகுதான் வளைந்தது தெரியும். விழுந்தபிறகுதான் பள்ளம் என்று தெரியும். காதின் உட்புறத்தில் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதை மட்டும் நம்பி மூளை தடுமாறுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒரே பொருளான ஒளிப்புள்ளிகள் பக்கத்தில் விரைந்து பின்னால் போவதால், வேகத்தை மூளை பெருக்கிக்கொள்கிறது. தலைக்கு மேலே எங்கோ இன்னொரு வண்டியின் அலறல் கேட்கும். எவ்வளவு தூரத்தில் என்று சொல்ல முடியாது. விளக்கைப் போட்டுவிட்டால் எல்லாம் போய்விடும். ஒன்றன் மேல் ஒன்றாக மடித்த எஃகுக் குழாயும், தாங்கு கம்பங்களும், பராமரிப்புக்கான நடைபாலங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய கொட்டகை மட்டும் மிஞ்சும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1977 மே 27 அன்று, கலிபோர்னியாவில் மலை எழுந்தது. இதற்கு ஃபுளோரிடாவின் இரட்டைப் பாதையை அப்படியே எடுக்க இடம் போதவில்லை. பில் வாட்கின்ஸ் என்ற பொறியாளர் ஒற்றைப் பாதையாகப் புதிதாக வகுத்தார். ஃபுளோரிடாவில் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். இங்கே இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். மலை உயர்ந்து தெரிந்து பூங்காவின் சிறிய கோட்டையை அமுக்கிவிடக் கூடாது என்பதற்காகத் தரையைத் தோண்டி இறக்கிக் கட்டினார்கள். பக்கத்திலிருந்த அரங்கம், உணவகம் எல்லாம் சேர்த்து 2 கோடி டாலர் ஆனது. 1955இல் முழு டிஸ்னிலாண்டையும் கட்ட ஆன செலவு 1.7 கோடி டாலர். திறப்புக்கு இரண்டு நாள் முன்பு, மே 25 அன்று, அமெரிக்கத் திரையரங்குகளில் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியாகியிருந்தது. யாரும் திட்டமிடாத பொருத்தம் அது. விண்வெளிமேல் மறுபடியும் ஒரு மோகம் பொங்கிய அதே வாரத்தில் மலைக்கும் கதவு திறந்தது.

வாட்கின்ஸ் வகுத்த அந்த 1977ஆம் ஆண்டுப் பாதைதான் பசிபிக் கடலைத் தாண்டி ஜப்பானுக்குப் போனது.

போன இடம் அப்போது நிலமாகி அதிக காலம் ஆகவில்லை. டோக்கியோ பெயரைத் தாங்கினாலும் பூங்கா இருப்பது பக்கத்துச் சிபா மாநிலத்தின் உராயாசு ஊரில். சிப்பி பொறுக்கியும் நோரி கடற்பாசி வளர்த்தும் வாழ்ந்த மீனவர் ஊர் அது. 1958இல் மேலே ஆற்றங்கரையில் இருந்த காகித ஆலையின் கழிவு கறுப்பாக இறங்கிவந்து சிப்பிகளைக் கொன்றது. மீனவர்கள் ஆலைக்குள் புகுந்தார்கள், கைகலப்பானது. ஜப்பான் நீர்மாசுச் சட்டம் இயற்ற அந்தச் சம்பவமும் காரணம். கடல் கெட்டபிறகு கடலை நம்பி இருப்பதில் பொருளில்லை என்ற நிலைக்கு ஊர் மெல்ல வந்தது. 1962இல் மீன்பிடி உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள்; 1971இல் முழுவதையும்.

கடலைத் தூர்த்து நிலமாக்கவும் அதில் பொழுதுபோக்கு இடம் அமைக்கவும் 1960இல் தொடங்கிய நிறுவனம்தான் ஓரியண்டல் லேண்ட். கெய்செய் ரயில்வேயின் கவாசாகி சிஹாரு கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்டைப் பார்த்துவிட்டு வந்து, இதை ஜப்பானியக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று நின்றவர். மீனவர் சங்கங்களோடு பேசும் பொறுப்பு தகாஹாஷி மசாதோமோவுக்கு வந்தது. அவர் மீனவர்களோடு உட்கார்ந்து குடித்தே பேசினார், இரவிரவாகப் பேசினார். பின்னாளில் அவரே நிறுவனத்தின் தலைவரானார். இவர்கள் பெயர் மிக்கி மவுஸ் பெயருக்குப் பின்னால் மறைந்து கிடப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பூங்காவின் ஒவ்வொரு சதுர அடியும் ஒரு மீனவர் விட்டுக்கொடுத்த கடல்.

டிஸ்னி நிறுவனத்தோடு 1979 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கர்கள் காசு போடவில்லை. நுழைவுச்சீட்டில் 10 விழுக்காடும், உணவிலும் விற்பனைப் பொருள்களிலும் 5 விழுக்காடும் உரிமத்தொகையாக அவர்களுக்கு. முதலீடும் நட்டமும் லாபமும் ஜப்பானியர்களுக்கு. 1980 டிசம்பரில் வேலை தொடங்கியது. ஏறத்தாழ 18,000 கோடி யென் செலவானது. தூர்த்த மண் என்பதால் கட்டுமுன் ஆழத்துக்கு மணல் தூண்களை இறக்கி நிலத்தை இறுக்கினார்கள். அந்த உழைப்பின் மதிப்பு 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போதுதான் வெளியே தெரிந்தது. உராயாசுவின் தெருக்கள் சேறாகக் கொப்பளித்தன. பூங்காவின் கார் நிறுத்துமிடமும் குழைந்தது. பூங்கா நிலம் பெரும்பாலும் நின்றது. அன்று டோக்கியோ டிஸ்னிலாண்டிலும் பக்கத்து டிஸ்னிசீ பூங்காவிலுமாகச் சுமார் 70,000 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 20,000 பேர் இரவை அங்கேயே கழித்தார்கள். டோக்கியோ டிஸ்னிலாண்ட் ஏப்ரல் 15 அன்று மறுபடி திறந்தது. அது அதன் பிறந்தநாள்.

1983 ஏப்ரல் 15, முதல் திறப்பு நாளில் உராயாசுவில் மழை. விழாவைக் கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெருவுக்குள் நடத்தினார்கள். வெளியே நனைந்துகொண்டு நின்றது வெள்ளை மலை. பூங்கா திறந்த நாளிலேயே திறந்த முதல் ஸ்பேஸ் மவுண்டன் இதுதான். அமெரிக்காவில் இரண்டுமே பிறகு சேர்த்தவை. அன்று பூங்காவில் வேறு ரோலர் கோஸ்டரே கிடையாது. பிக் தண்டர் மவுண்டன் 1987இல்தான் வந்தது, ஸ்பிளாஷ் மவுண்டன் 1992இல். முதல் ஓராண்டுக்குள் சுமார் ஒரு கோடிப் பேர் பூங்காவுக்கு வந்தார்கள். துணிந்து ஏற நினைத்தவர்களெல்லாம் இந்த ஒரு மலைக்கு முன்னால்தான் நின்றிருக்க வேண்டும். 102 சென்டிமீட்டர் உயரம் இருந்தால்தான் அனுமதி. வாசலில் அளந்து பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்ட குழந்தை, அடுத்த ஆண்டு வளர்ந்து வந்து ஏறி, முப்பது வயதில் தன் குழந்தையை அதே அளவுக்கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தும் அளவுக்கு நீண்ட காலம் அது ஓடியது.

வண்டிக்குப் பன்னிரண்டு பேர், இருவர் இருவராக. மினுங்கும் விளக்குகளுக்கு நடுவே ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போகும். உச்சியில் விட்டுவிடும். அதன்பிறகு மோட்டார் கிடையாது, புவியீர்ப்பு ஒன்றுதான். மொத்தம் மூன்று நிமிடம்கூட இல்லை. உச்சவேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். கலிபோர்னியாவில் 1996இல் இருக்கைக்குள் ஒலிபெருக்கி வைத்து டிக் டேலின் கித்தார் இசையை ஓட்டத்தோடு சேர்த்தார்கள். டோக்கியோ அதைப் பின்பற்றவில்லை. சக்கரம் குழாயில் உரசும் ஓசை, காற்று, பின்னால் இருப்பவரின் கூச்சல், இவைதான் அங்கே இசை. மலையின் ஆதிக் குணம் அப்படியே இருந்தது அங்கேதான் என்று விரும்பிகள் சொல்வது வெறும் அபிமானம் இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

கலிபோர்னியா மலை 2003 ஏப்ரலில் மூடப்பட்டது. எஃகுக் குழாய்க்கு ஆயுள் உண்டு. வண்டி ஒவ்வொரு முறை கடக்கும்போதும் பற்றவைத்த மூட்டுகள் ஒரு கணம் இழுபட்டுத் திரும்புகின்றன. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை. இருபத்தைந்து ஆண்டில் கணக்கெடுத்தால் தலைசுற்றும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கேதான் பிறக்கும். ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்க முடியாத கட்டம் வந்ததும் பழைய பாதை முழுவதையும் வெட்டி வெளியே எடுத்தார்கள். வாட்கின்ஸ் வகுத்த அதே வளைவுகளில் புதிய பாதையைப் பதித்தார்கள். 2005 ஜூலையில், பூங்காவின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குச் சற்று முன், திறந்தார்கள். ஹென்ச் அதைப் பார்க்கவில்லை. அறுபத்தைந்து ஆண்டு அந்த நிறுவனத்தில் உழைத்துவிட்டு 2004 பிப்ரவரியில், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார்.

ஆக 2005க்குப் பிறகு 1977ஆம் ஆண்டுத் திட்டத்தின் பழைய பாதை உயிரோடு இருந்தது டோக்கியோவில் மட்டும். அங்கேயும் 2006 இறுதியில் மூடி, 2007 ஏப்ரலில் புதுக்கோலத்தோடு திறந்தார்கள். வண்டிகள் மாறின, விளக்குகள் மாறின, நிலையத்தின் மேலே தொங்கிய விண்கலத்தின் தோற்றம் மாறியது. பாதையின் அடிப்படை மாறவில்லை. சுற்றுப்புறம்தான் மாறிக்கொண்டே போனது. காரோட்டப் பாதை, சுழலும் ராக்கெட்டுகள் என்று டுமாரோலாண்டின் 1983ஆம் ஆண்டுத் தோழர்கள் 2017இல் ஒவ்வொன்றாக விடைபெற்றார்கள். காரோட்டிய இடத்தில் ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ கோட்டை வந்தது. எதிர்காலத்துக்கு ஒதுக்கிய இடத்தைப் பழங்கதை பிடித்துக்கொண்டது. ஷாங்காய்க்காரர்களோ 2016இல் பூங்கா திறந்தபோது ஸ்பேஸ் மவுண்டனே வேண்டாம் என்று முடிவெடுத்து, ‘டிரான்’ மோட்டார்சைக்கிள் கோஸ்டரை வைத்தார்கள். 1960களின் ராக்கெட் இனி யாருக்கும் எதிர்காலம் இல்லை என்ற நேரடியான முடிவு அது.

டோக்கியோவின் அறிவிப்பு 2022 ஏப்ரல் 27 அன்று வந்தது. மலையையும் முன்னால் இருக்கும் திடலையும் சேர்த்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். மதிப்பீடு 5,600 கோடி யென். அது பிறகு 7,050 கோடியாக ஏறியது. 1983இல் பூங்கா முழுவதற்கும் ஆன தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு. இடைப்பட்ட விலைவாசி உயர்வைக் கழித்தாலும் இது பெரிய தொகைதான். 2024 ஏப்ரல் 9 முதல் ஜூலை 31 வரை பிரியாவிடை நிகழ்ச்சி நடந்தது. நடுவில் ஜூன் 6 அன்று பக்கத்து டிஸ்னிசீ பூங்காவில் 32,000 கோடி யென்னில் ‘ஃபேண்டசி ஸ்பிரிங்ஸ்’ திறந்தது. புதியதைப் பார்க்க வந்தவர்களும் பழையதை வழியனுப்ப வந்தவர்களும் அந்தக் கோடையில் ஒரே ரயிலில் மைஹாமா நிலையத்தில் இறங்கினார்கள்.

புதியதைப் பற்றி நிறுவனம் சொல்லியிருப்பது கொஞ்சம்தான். அதுவும் கட்டடத்துக்குள் ஓடும் கோஸ்டராகவே இருக்கும். செயல்திறனும் ஒளி, ஒலி விளைவுகளும் கூடுதலாக இருக்கும். முன்னால் வரும் திடல், மனிதன் இயற்கையோடு இசைந்து வாழும் எதிர்காலத்தைக் காட்டும். பூமிக்கும் விண்வெளிக்கும் உள்ள தொடர்பை உணர்த்தும். இரவில் ஒளியும் இசையும் சேரும்.

இதில் திடலைப் பற்றிய செய்திதான் என்னை நிறுத்தியது. 1955இல் எதிர்காலம் என்றால் பூமியை விட்டுக் கிளம்புவது. 1975இலும் அப்படித்தான், 1983இலும் அப்படித்தான். டுமாரோலாண்ட் குறித்துவைத்த 1986 வந்தபோது ஹாலி வால்நட்சத்திரம் சொன்னபடி வந்தது. அதற்குச் சில வாரம் முன்னால் ஜனவரி 28 அன்று சாலஞ்சர் ஏழு பேரோடு வெடித்துச் சிதறியது. அதற்குப் பிறகும் மலைகளின் கதை மாறவில்லை: ஏறு, கிளம்பு, இருட்டுக்குள் போ. இப்போது முதல்முறையாகப் புறப்படும் தளத்தையே மரமும் நீரும் பூமியுமாக வரைகிறார்கள். கடல் கெட்டதால் கடலைக் கொடுத்த ஊரில், தூர்த்த மண்ணின் மேல், இயற்கையோடு இசைவு என்று எழுதி வைப்பதற்கு ஒரு கனம் உண்டு. அதைத் தாங்கும்படி அந்தத் திடல் அமைய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அடியோடு கட்டும் முடிவைக் குறைகூற எனக்குக் காரணம் தெரியவில்லை. நாற்பது ஆண்டு ஓடிய எஃகை மனிதர் உயிரை வைத்துச் சோதிக்க முடியாது. மேலும் ஜப்பானியருக்குப் புதிதாகக் கட்டுவது மரபை முறிப்பதாகாது. இசே சிந்தோ கோவிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாக எழுப்பிவிட்டுப் பழையதைப் பிரிக்கிறார்கள். 2013இல் நடந்தது அறுபத்திரண்டாவது முறை. ஆனால் இசேயில் ஒவ்வொரு தூணும் பழைய அளவிலேயே நிற்கும். கலிபோர்னியாவில் 2005இல் செய்தது அதற்குப் பக்கத்தில் வருகிறது: பொருள் புதிது, வடிவம் பழையது. உராயாசுவில் வடிவமும் போகிறது. பெயரும், கூரைக்குள் ஓடும் ஓட்டமும் மட்டும் மிஞ்சுகின்றன.

அதனால்தான் அறிவிப்பில் வரும் ‘கூடுதல் விளைவுகள்’ என்ற சொற்கள் எனக்குக் கொஞ்சம் கவலை தருகின்றன. இன்று பூங்காக்களில் திரையும் வீடியோவும் லேசரும் மலிவு. எந்த மூலையையும் காட்சியால் நிரப்பிவிடலாம். ஹென்ச் விலா எலும்பை வெளியே தள்ளி, சுவரை வழவழப்பாக்கி, இத்தனையும் செய்தது எதையும் காட்டாமல் இருப்பதற்காக. நாலு ஒளிப்புள்ளியும் காற்றும் போதும் என்ற துணிச்சல் அது. புதிய வடிவமைப்பாளர்களிடம் அவருக்கு இல்லாத கருவிகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றை அணைத்து வைக்க வேண்டிய நொடிகள் எவை என்பதை அவர்கள் கண்டுகொண்டால், 7,050 கோடி யென்னும் சரியான இடத்துக்குப் போனதாக நினைப்பேன். ஓட்டத்தின் கடைசிப் பாதியையாவது பழையபடி கும்மிருட்டாக விட வேண்டும்.

மற்ற மலைகளில் ஃபுளோரிடாவின் 1975ஆம் ஆண்டு மலைதான் இப்போது எல்லாவற்றுக்கும் மூத்தது. 2009இல் பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. அதற்குப் பக்கத்திலேயே 2023 ஏப்ரலில் ‘டிரான்’ வந்து நின்றது. ஹாங்காங்கில் 2005இல் திறந்தது கலிபோர்னியாவின் புதிய பாதையைத் தழுவியது. மிச்சமிருப்பது பாரிஸ். அங்கே மலையில் பீரங்கி வைத்தார்கள். வண்டி மெல்ல ஏறாது, சுடப்படும். உள்ளே தலைகீழாகவும் சுழலும். 1992 ஏப்ரலில் திறந்து கடனில் தத்தளித்த யூரோ டிஸ்னி முதல்முறையாக ஆண்டு லாபம் காட்டியதும், ழூல் வெர்னின் நிலாப் பயணத்தைக் கருவாகக் கொண்ட அந்த மலை திறந்ததும் ஒரே ஆண்டில், 1995இல். பாரிஸ் மலையின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.